பசை காய்ச்சிய அக்கா

பசை வெந்துவிட்டதா என்று பார்க்க மற்றவர்கள் அதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். அந்த அக்கா நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு "இன்னும் ஒரு கொதி வரோணுமுங்க" என்பார். இல்லாவிட்டால் ஒன்றும் பேசாமல் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவிடுவார். அவர் இறக்கிய பசையில் ஒட்டிய அட்டை உரிந்து வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, கடைசிச் சில மாதங்களைத் தவிர.

அப்போது நான் கோயமுத்தூர் டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் பைண்டிங் மேஸ்திரியாக இருந்தேன். இருபத்தேழு வயது. எனக்குக் கீழே பதினான்கு பேர். பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, அச்சடித்து வரும் பெரிய தாள்களை, அதாவது பாரங்களை, மடிப்பார்கள், பக்க வரிசைப்படி அடுக்குவார்கள், ஊசி நூல் போட்டுத் தைப்பார்கள். ஆண்கள் அட்டை ஒட்டி, காலிகோ துணி சுற்றி, கட்டிங் மெஷினில் ஓரம் வெட்டுவோம். கட்டடத்துக்குப் பின்புறம் கிணற்றடியில் ஓர் அடுப்பும் அதை ஒட்டி மைதா மூட்டை வைக்கும் சின்ன அறையும் இருந்தன. அந்த இரண்டும் அக்காவின் பொறுப்பு. எல்லோரும் அவரைப் பசைக்காரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் வெறுமனே அக்கா என்பேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

பசை காய்ச்சுவது பார்ப்பதற்குச் சுலபமாகத்தான் தெரியும். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறவேண்டும். வெள்ளையாக இருப்பது கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கவேண்டும். இறக்கியபின் துத்தத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். துத்தம் மயில் கழுத்து நிறத்தில் கற்கண்டு போல இருக்கும். விஷம். அது சேர்ந்தால்தான் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் புத்தகத்தை அரிக்காது. துத்தம் ஊற்றுவதற்கு முன்னால்தான் அக்கா பசையை நாக்கில் வைப்பார்.

பசை மட்டுமல்ல, எதையும் அவர் முதலில் தன் மேல் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர்களுக்குக் கொடுப்பார். கனத்த கணக்குப் புத்தகங்களுக்கு வஜ்ஜிரம் என்கிற கெட்டிக் கோந்து காய்ச்சுவோம். அந்தச் சூடான வஜ்ஜிரத்தில் ஒரு சொட்டை மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பார்த்த பிறகுதான் கிண்ணத்தை எங்கள் பக்கம் நகர்த்துவார். அவருடைய இரண்டு மணிக்கட்டிலும் காசு அளவுக்கு வெளுத்த தழும்புகள் இருந்தன.

ஒரு கோடையில் குழாயில் வந்த தண்ணீர் இரண்டு நாள் செம்மண் நிறமாக இருந்தது. மடிக்கிற பெண்களுக்குத் தாகம். அக்கா ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டு, "மத்தியானம் வரைக்கும் பொறுங்க. எனக்கு ஒண்ணும் ஆகலீன்னா குடிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பெண்களில் ருக்மணி என்று ஒருத்தி இருந்தாள். இருபது வயது, வாய் ஓயாது. "இந்தக்கா பொழச்சாத்தான் நமக்குத் தண்ணி" என்று சொல்லிச் சிரித்தாள். ஆனாலும் மத்தியானம் வரை அவளும் குடிக்கவில்லை.

இன்னொரு முறை கட்டிங் மெஷினில் என் இடது கைப் பெருவிரல் வெட்டுப்பட்டு, நாலாம் நாள் சீழ் வைத்தது. அக்கா ஏதோ தழையை அரைத்து இலையில் வைத்துக் கொண்டுவந்தார். நான் கையை நீட்டினேன்.

"பொறுங்க மேஸ்திரி" என்றவர், புத்தகம் தைக்கிற ஊசியை எடுத்துத் தன் முன்கையில் ரத்தம் வரும்படி ஒரு கோடு கீறினார். அந்த விழுதை அதன்மேல் அப்பிக்கொண்டார்.

"என்னங்கக்கா இது?"

"ஒரே மாதிரி ரெண்டு செடி இருக்குதுங்க. ஒண்ணு மருந்து, இன்னொண்ணு ஆகாது. பறிச்சது எதுன்னு தெரியோணுமல்லங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கையைத் துடைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். கட்டும்போது எனக்கு உயிர் போகிற மாதிரி எரிந்தது. "எனக்கும் எரிஞ்சுதுங்க. தாங்கிக்கலாம்" என்றார்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அடுப்படியில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். அவர் பசையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"எனக்கு மூத்த பையன் ஒருத்தன் இருந்தானுங்க" என்றார். "தாராபுரத்துக்குப் பக்கம் எங்க ஊருல ஒண்ணுமே இல்லாமப் போன வருசம், கரட்டு மேட்டுல கெழங்கு தோண்டித் தின்னோமுங்க. ஒரு நாள் வேக வச்சு எறக்குனேன். பசி பொறுக்காம அழுதுட்டே இருந்தான். அவனுக்குத்தான் மொதல்ல குடுத்தேன்."

துடுப்பு நிற்கவில்லை.

"அடுத்த வாய் எனக்குன்னு கையில எடுத்து வச்சிருந்தேனுங்க. அதுக்குள்ள அவன் சுருண்டுபோட்டான். நான் மொதல்ல வாயில வச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்க."

அவர் பசையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "எறக்கலாமுங்க, ஒரு பக்கம் புடிங்க" என்றார்.

அந்த வருஷங்களில் கொங்குச் சீமையில் மழை இல்லை. அமராவதி ஆற்றில் மணல்தான் கிடந்தது. ஈரோட்டுப் பக்கம், தாராபுரத்துப் பக்கம் கிணறுகளெல்லாம் அடிப்பாறை தெரிய வறண்டு, ஊர் ஊராக ஆட்கள் கோயமுத்தூருக்கு வந்துகொண்டிருந்தார்கள். அப்படி வந்தவர்தான் அக்கா. கணவர் கிணறு வெட்டுகிற ஆள். வெட்டக் கிணறு இல்லாமல், ஆனைமலைக்கு மேலே எஸ்டேட்டில் வேலை தேடிப் போனார். இரண்டு தடவை ஆள் மூலம் சேதி சொல்லி அனுப்பினார். பிறகு சேதியும் வரவில்லை. ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, உக்கடத்துக் குளக்கரையில் ஒரு ஓலைக் குடிசையில் அக்கா இருந்தார்.

வேலை இருந்தது, கூலியும் வந்தது. ஆனால் கடையில் தானியம் இல்லை. அரிசி, கோதுமை, மைதா எல்லாம் அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தன. அவருக்கு ரேஷன் கார்டும் சரியாக இல்லை. பெயர் ஊரில் இருந்தது, ஆள் இங்கே இருந்தார். அந்தப் பெயரை மாற்ற நானே அவருடன் மூன்று தடவை அலைந்தேன். மூன்று தடவையும் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். கூலியைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக நின்று, ஒரு படி கேழ்வரகு கிடைத்தால் அது பெரிய விஷயம்.

எங்கள் அச்சகத்துக்கோ பசைக்கென்று தனி பர்மிட்டில் மைதா வந்துகொண்டிருந்தது. மூட்டை மூட்டையாக வெள்ளை மாவு. அதன் சாவி அக்காவின் இடுப்பில்.

முதலில் அவர் எடுத்தது அண்டாவின் அடியில் பிடித்த காந்தலைத்தான். துத்தம் ஊற்றுவதற்கு முன் பசையை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டி ஒரு துணியில் முடிந்துகொள்வார். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். பிறகு பசை நீர்த்து வர ஆரம்பித்தது. மாவு குறைகிறது என்று புரிந்தது. அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் வந்தது. பாடப் புத்தக வேலை மலை மாதிரி குவிந்திருந்தது. அனுப்பிய புத்தகங்களில் ஒரு கட்டு திரும்பி வந்தது. கையில் எடுத்தால் அட்டை தனியாக, உள்ளே இருப்பது தனியாக வந்தது. முதலாளி ஒன்றைப் பிரித்து, முதுகில் விரலை ஓட்டிப் பார்த்தார். அவரும் பைண்டராக இருந்து முன்னுக்கு வந்தவர். பசையைத் தொட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

என்னை மட்டும் கூப்பிட்டார். "யாருன்னு கேக்க மாட்டேன். கேட்டா அனுப்பிப்போட வேண்டி வரும். மாவு வெளிய போகுதுன்னு சப்ளை ஆபீசுக்குத் தெரிஞ்சா பர்மிட்டை நிறுத்திப்போடுவானுக. பசை இல்லாம நீ என்ன பண்ணுவே, நான் என்ன பண்ணுவேன்? பதினாலு குடும்பம் நிக்கும். இனிமே மூட்டை வந்தவொடனே துத்தத்தைப் பொடிச்சு மாவுலயே கலந்துபோடு. எல்லாத்துகிட்டயும் சத்தமாச் சொல்லிப்போடு. அப்பறம் எவனும் தொட மாட்டான்."

"சரிங்க" என்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஆளை அனுப்பாமல் இருக்க அவருக்குத் தெரிந்த வழி அது. எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நானே துத்தத்தை இடித்தேன். மூட்டையை விரித்த சாக்கில் கொட்டிப் புரட்டிக் கலந்தேன். எல்லோரையும் கூப்பிட்டு, "மாவுல துத்தம் கலந்தாச்சு. யாரும் கை வைக்கக் கூடாது" என்றேன். அக்காவைப் பார்க்காமல் சொன்னேன். அவர்தான் முதலில் பதில் சொன்னார்: "செரீங்க மேஸ்திரி."

ஒரு வாரம் பசை கெட்டியாக இருந்தது. பிறகு மறுபடியும் நீர்த்தது.

நேராக அடுப்படிக்குப் போனேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, உதடெல்லாம் வெடித்திருந்தது.

"என்னங்கக்கா பண்றீங்க? அதுல விஷமுங்க."

"கழுவறேனுங்க" என்றார். மறைக்கவே இல்லை. "தண்ணியில கரைச்சு வச்சா மாவு அடியில தங்கிருது. நீலம் மேல நிக்குது. சாச்சுப்போட்டு மறுக்காத் தண்ணி ஊத்தறேன். ஒம்பது தண்ணி ஆச்சுன்னா வெள்ளையா வந்திருது."

"வெள்ளையானா விஷம் போச்சுன்னு ஆருங்க சொன்னது?"

"அதுக்குத்தான் நான் தின்னு பாக்கறேனுங்க. காலையில கொஞ்சம் கேவுரு மாவைச் சேத்துக் காச்சி, நான் குடிச்சுப்போட்டு வந்திருவேன். பொழுதோட ஊட்டுக்குப் போற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலீன்னா, புள்ளைகளுக்கு ஊத்துவேன். வாந்தி வந்துச்சுன்னா கீழ கொட்டிருவேன்."

"வாந்தி வந்திருக்குதுங்களா?"

"ரெண்டு மூணு தடவைங்க. அன்னைக்கெல்லாம் புள்ளைக பட்டினிதான்."

நான் திட்டினேன். கெஞ்சினேன். "மெல்ல மெல்ல உங்க உசுரு போயிருங்கக்கா. நீங்க போயிட்டா அதுகளை ஆரு பாப்பாங்க?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேற என்ன பண்ணட்டுமுங்க? சொல்லுங்க, பண்றேன்" என்றார். சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே எனக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டார்.

அன்று முதல் என் சாப்பாட்டுத் தூக்குப் போசியில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். நாலு நாள் கொடுத்தேன். ஐந்தாம் நாள் என் மனைவி, "உங்களுக்கே பத்தாதுன்னுதானுங்க என் பங்கையும் போட்டு அனுப்பறேன்" என்று அழுதாள். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. மறுநாள் முதல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த மூட்டை ஒரு சனிக்கிழமை வந்தது. அன்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய யோசனை என்று நினைத்தேன். துத்தத்தை மாவில் கலக்காமல் விட்டேன். முதலாளியிடம் போய், "கலந்தாச்சுங்க" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "செரி" என்றார். பிறகு அடுப்படிக்குப் போய், இடித்த துத்தத்தை ஒரு பொட்டலமாக அக்கா கையில் கொடுத்தேன்.

"இந்த மூட்டையில கலக்கலீங்கக்கா. சுத்தமான மாவு. பசையை எறக்குனதுக்கு அப்பறம் இதைப் பழையபடி கரைச்சு ஊத்திக்குங்க. நீங்க கொஞ்சூண்டு எடுத்துக்குங்க, எச்சா வேண்டாம். கழுவவும் வேண்டாம்."

அக்கா பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு தலையைக் குனிந்து, "நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அச்சகம் விடுமுறை. திங்கட்கிழமை அந்த மூட்டையில் முதல் பசை காய்ச்சினார். பிரஷ்ஷை முக்கி எடுத்தபோது, பசை எப்போதும் இருப்பதைவிட நீலமாக இருந்தது. விரலில் ஒட்டியது கழுவியும் போகவில்லை.

"துத்தம் கொஞ்சம் கம்மியா ஊத்துங்கக்கா" என்றேன்.

"அளவாத்தானுங்க ஊத்துனேன்" என்றார்.

நான் மேலே கேட்கவில்லை. அட்டைக் குவியல் தலைக்கு மேல் இருந்தது. நீலமாக இருந்த அந்தப் பசையைத்தான் அன்று முழுவதும் நான் தடவினேன். அது ஏன் அவ்வளவு நீலமாக இருக்கிறது என்று இன்னும் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா வரும்போதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். அடுப்பு மூட்டினார். அண்டாவில் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் ருக்மணி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போய்ப் பார்த்தால், கிணற்றடியில் அக்கா இரண்டாக மடிந்து கிடந்தார். வாந்தியில் நிறம் தெரிந்தது.

பைண்டிங்கில் இருந்த எல்லோரும் கூடிவிட்டார்கள். முதலாளியும் வந்தார். வாந்தியைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"மாவைத் தின்னாங்களா?" என்று என்னைக் கேட்டார். "அதுல துத்தம் இருக்குதுன்னு எல்லாத்துக்கும் தெரியுமல்லப்பா?"

"இந்த மூட்டையில இல்லீங்களே" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவர் என்னை ஒரு பக்கமாக இழுத்தார். "நீ கலக்கலீன்னு எனக்குத் தெரியும். உம் மொகமே சொல்லுச்சு. ஞாயித்துக்கெழமை எங்கிட்ட இருக்கற சாவியில தெறந்து நானே கலந்தேன். கொஞ்சம் எச்சாவே போட்டேன்" என்றார்.

அக்காவைக் குதிரை வண்டியில் ஏற்றினோம். பெரியாஸ்பத்திரிக்குப் போக ருக்மணி கூட ஏறிக்கொண்டாள். "டாக்டர் கேட்டா என்னங்க சொல்லட்டும்?" என்று கேட்டாள். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "துத்தம்னு சொல்லு. மறைக்காதே" என்றேன். அதைச் சொல்வதற்கு முன் நான் கொஞ்சம் தயங்கினேன். இல்லை என்று சொல்ல முடியாது.

அப்போது அக்கா என் வேட்டியைப் பிடித்தார். பேச்சு வரவில்லை. இரண்டு மூன்று முறை முயன்று, "ஊட்டுல... சட்டி" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சைக்கிளை எடுத்தேன். உக்கடத்துக்கு அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் அன்றைக்குச் சந்தை நாள். வண்டியும் மாடும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. சைக்கிளை ஒரு கடையோரம் போட்டுவிட்டு ஓடினேன். நான் சொன்ன வார்த்தையை நம்பி அவர் குழந்தைகளுக்கு ஊற்றிவிட்டு வந்திருப்பாரோ என்ற நினைப்பு, ஓடும்போது என் கூடவே வந்தது. கழுவவும் வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

குடிசைக்குள் குனிந்து பார்த்தேன். இரண்டு குழந்தைகளும் உள்ளே இருந்தன. நடுவே மூடிய மண்சட்டி. சின்னவள் அழுது ஓய்ந்து, பெரியவளின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

"கண்ணு, இதைத் தின்னீங்களா?"

பெரியவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "அம்மா வந்துதான் ஊத்தும். பொழுது எறங்கறதுக்குள்ள அம்மா வரலீன்னா, கீழ கொட்டிப்போட்டு அடுத்த ஊட்டு அத்தைகிட்டப் போகச் சொல்லியிருக்குதுங்க."

"எப்பச் சொன்னாங்க? இன்னைக்கா?"

"தெனமும் சொல்லுமுங்க."

நான் சட்டியைத் திறந்தேன். முந்தின நாள் எடுத்துப் போன மாவில் கேழ்வரகு கலந்து காய்ச்சிய கூழ், கருப்பாகத்தான் இருந்தது. இருட்டில் காய்ச்சியதில் அக்காவுக்கு நீலம் தெரிந்திருக்காது. அத்தனை நாள் துத்தம் பட்டு, அவர் நாக்கும் மரத்துப்போயிருந்தது. இதைப் பிறகு டாக்டர்தான் என்னிடம் சொன்னார். சட்டியை வெளியே எடுத்துப் போய் மண்ணைத் தோண்டிக் கொட்டி மூடினேன். சின்னவள் எழுந்து வந்து பார்த்தாள். தன் சாப்பாட்டை யாரோ ஒரு ஆள் மண்ணில் கொட்டுவதைப் பார்த்து அவள் அழுத மாதிரி, பின்னால் எனக்குப் பிறந்த மூன்று குழந்தைகளும் சேர்ந்துகூட அழுததில்லை.

இருவரையும் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவி உலையில் இருந்ததை இரண்டு தட்டில் போட்டு அவர்கள் முன்னால் வைத்தாள். பெரியவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மொதல்ல ஒரு வாய் தின்னுங்க" என்று என் மனைவியிடம் சொன்னாள். என் மனைவி தின்று காட்டினாள். அப்படியும் பெரியவள் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா பிழைத்தார். பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். துத்தம் என்று ருக்மணி முதலிலேயே சொன்னதால்தான் உயிர் தப்பியது என்று டாக்டர் சொன்னார். முதலாளி ஒரு நாள் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"தெரிஞ்சும் ஏன் அம்மணி எடுத்தீங்க?"

"பசிங்க மொதலாளி" என்றார் அக்கா. அவ்வளவுதான். மாவு சுத்தம் என்று நான் சொன்னதைப் பற்றி அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அக்கா தெரிந்தே விஷ மாவைத் தின்றார் என்றுதான் அச்சகத்தில் கடைசி வரைக்கும் பேசிக்கொண்டார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு அட்டை ஒட்டினேன்.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். பசை வேலையை முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அக்கா பெண்களோடு உட்கார்ந்து பாரம் மடித்தார். கஞ்சி தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை. பக்கங்களைத் தப்பாக அடுக்கிவிட்டு, யாராவது சொன்னால் திருப்பி அடுக்குவார். மாவில் துத்தம் கலக்கிற வேலையை இனிமேல் செய்ய மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் தானே கலந்தார்.

ஆவணியில், ஆனைமலைக்கு மேலே எஸ்டேட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அரிசி அளக்கிறார்கள் என்று சேதி வந்தது. குளக்கரையில் இருந்து ஏழெட்டுக் குடும்பங்கள் கிளம்பின. அக்காவும் கிளம்பினார். புருஷன் அங்கே எங்காவது கண்ணில் பட்டால் பார்ப்பதாகச் சொன்னார். பட்டாலும் படாவிட்டாலும் ஒன்றுதான் என்பது போல இருந்தது அவர் சொன்ன விதம்.

கிளம்புகிற அன்று காலையில் வேலைக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பொள்ளாச்சி பஸ் நின்றுகொண்டிருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பெரியவள் மூட்டையை மடியில் வைத்திருந்தாள். சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மேஸ்திரி, ஒண்ணு சொல்லோணுமுங்க."

"சொல்லுங்கக்கா."

"அன்னைக்கு நீங்க மாவு சுத்தம்னு சொன்னீங்களே. நான் உங்க வார்த்தையை நம்பாமத்தான் தின்னு பாத்தேன்னு நெனச்சுக்காதீங்க."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நம்புனேனுங்க. அதனாலதான் ஒரு தண்ணிகூடக் கழுவல. சின்னவ அழுதா. ஒரு கரண்டி எடுத்து அவ வாய்கிட்டக் கொண்டும் போயிட்டேன். பழக்கமுங்க, கை தானா எம் பக்கம் திரும்பிருச்சு. மத்தபடி ஒண்ணுமில்லீங்க. மனசுல வச்சுக்காதீங்க."

டிரைவர் வந்து ஏறினார். பெரியவள், "போயிட்டு வாரோமுங்க" என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் நான் அங்கே போயிருந்தேன். "பாத்துப் போங்கக்கா" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.